கிழிந்த முழங்கால் நார் தானே கூடுமா?

பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று. பட்டையைச் சீவலாம், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாக இருக்கிற மெல்லிய படலத்தைத் தொடக் கூடாது. தொட்டால் மரத்துக்குக் காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். தொடாமல் சீவினால், சீவிய இடத்தை நாளாவட்டத்தில் புதுப்பட்டை மூடிக்கொள்ளும். பட்டை இப்படித் திரும்பி வளரும்படி வெட்டுகிற முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பரிசோதித்து நிலைநாட்டியவர் ஹென்றி ரிட்லி. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் தொடங்கிய கதை அது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும், அவற்றில் நம் தாத்தா பாட்டிமார் வந்து குடியேறியதும் அதற்குப் பின்னால் நடந்தவை.

இன்று நான் பேச வந்தது முழங்காலைப் பற்றி. ஆனாலும் மரத்திடம் கேட்கிற கேள்வியைத்தான் முழங்காலிடமும் கேட்கப் போகிறோம். காயம் பட்ட இடம் தானே ஆறுமா? ஆறும் என்றால் அதற்கு எத்தனை நாள் விட வேண்டும்?

குளுவாங் பக்கமோ கூலாய் பக்கமோ ஒரு தோட்டத்துப் பிள்ளை பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போயிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரத்திலிருந்து இறங்கும்போது கடைசிப் படி தவறிவிடுகிறது. பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. முட்டிக்குள் 'படக்' என்று ஒரு சத்தம். அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறான்: "அம்மா, முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருச்சாம்." கேட்ட தாய்க்கு முதலில் தோன்றுவது என்ன? பிள்ளையின் கால் போயிற்று, வேலையும் போயிற்று என்பதுதான். இரண்டும் போகாமல் இருப்பதற்கு வழி உண்டு. அதற்கு முதலில் ஜவ்வு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பேச்சு வழக்கில் முட்டிக்குள் எது கிழிந்தாலும் ஜவ்வுதான். மருத்துவர்களுக்கு அது இரண்டு வேறு பொருள். ஒன்று, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே மெத்தை போல இருக்கிற குருத்து. மற்றொன்று, ஒரு எலும்பை இன்னொரு எலும்போடு கட்டிப்போட்டிருக்கிற நார். நான் பேசப் போவது இந்த நாரைப் பற்றி. மருத்துவர் 'லிகமெண்ட்' என்று சொல்வது இதைத்தான்.

முழங்காலில் இப்படிப்பட்ட நார்கள் முக்கியமாக நான்கு. முட்டியின் உட்பக்கம், அதாவது இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கிற பக்கத்தில், பட்டையாக ஒன்று. வெளிப்பக்கம் கயிறு போல ஒன்று. மூட்டின் நடுவே, பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கிற முன் குறுக்குநார், பின் குறுக்குநார் என்று இரண்டு. மருத்துவமனைத் தாளில் 'ஏ.சி.எல்.' என்று எழுதியிருந்தால் அது முன் குறுக்குநார், 'எம்.சி.எல்.' என்றிருந்தால் உட்பக்க நார். இந்த எழுத்துகளை அப்படியே படித்துச் சொல்லும்படி பிள்ளையிடம் கேளுங்கள். ஏனென்றால் எந்த நார் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே.

முதலில் உட்பக்க நாரைப் பார்ப்போம். நான்கிலும் நன்றாகத் தானே கூடுவது இதுதான். முழுவதும் அறுந்துபோனால்கூட, வேறு நார்கள் கெடாமல் இருந்தால், பெரும்பாலும் கத்தி வைக்காமலே மருத்துவர்கள் இதைக் குணப்படுத்துகிறார்கள். காரணம் அது இருக்கிற இடம். மூட்டுக்கு வெளியே, சதைக்கும் தோலுக்கும் அருகில், இரத்த ஓட்டம் உள்ள இடத்தில் இருக்கிறது. கிழிந்தவுடன் அங்கே இரத்தம் கசிந்து உறைகிறது. அந்த உறைவு, கிழிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே பசை போல நின்றுகொள்கிறது. முதல் சில நாள் வீக்கமும் சூடும் வலியும் இருக்கும். அது உடம்பு தன் வேலையாட்களை அங்கே அனுப்புகிற நேரம். செத்த திசுக்களை அகற்றுகிற அணுக்கள் முதலில் வருகின்றன; அடுத்து நார் நெய்கிற அணுக்கள் வருகின்றன. உறைந்த இரத்தத்தைச் சட்டமாக வைத்துக்கொண்டு இவை 'கொலாஜன்' என்ற புரத இழைகளைப் பின்னத் தொடங்குகின்றன.

இந்த இழைகள் ஆரம்பத்தில் ஒழுங்கில்லாமல்தான் கிடக்கும். தேங்காய் மட்டையிலிருந்து பிரித்துப் போட்ட நார்க் குவியலைப் பாருங்கள். அதில் நார் இருக்கிறது, கயிறு இல்லை. அதை இழுத்து முறுக்கினால்தான் சுமை தாங்கும். முழங்காலிலும் அப்படியே. அளவான அசைவும் அளவான சுமையும் கிடைக்கக் கிடைக்க, இழைகள் இழுபடுகிற திசையில் வரிசையாக அமைகின்றன. லேசான கிழிவு 1 முதல் 3 வாரத்தில் தேறிவிடும். பாதி கிழிந்திருந்தால் 4 முதல் 6 வாரம். முழுவதும் அறுந்திருந்தால் 6 வாரத்திலிருந்து 3 மாதம், சில சமயம் அதற்கும் மேல். வலி போன பிறகும் உள்ளே இழைகள் உறுதிப்படுகிற வேலை பல மாதங்களுக்கு, ஓராண்டுக்கு மேலும்கூட, நடந்துகொண்டிருக்கும். அப்படிக் கூடிய நார் பழைய நாருக்கு முற்றிலும் சமமாகிவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தழும்பு தழும்புதான். ஆனால் வேலைக்குப் போதும்.

இங்கே ஒரு வார்த்தை. முட்டி வீங்கிவிட்டால் நம் வீடுகளில் உடனே தைலம் போட்டு உருவிவிடுவது வழக்கம். கோடாலித் தைலம் இல்லாத வீடு உண்டா? 1928இல் தொடங்கிய அந்தச் சிங்கப்பூர்த் தைலத்தைத் தேக்காவுக்குப் போய் வருகிறவர்கள் பை நிறைய வாங்கி வருகிறார்கள். மேல்தோலுக்கு அது இதமாகத்தான் இருக்கிறது, நானும் தடவிக்கொள்கிறவன்தான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி உருவுவதும், சூட்டு ஒத்தடம் கொடுப்பதும், சுளுக்கு எடுக்கிறேன் என்று காலை இழுத்துத் திருப்புவதும் கெடுதல். எந்த உறைவைப் பசை என்று சொன்னேனோ, அதைக் கலைத்துப் புது இரத்தத்தை வரவழைக்கிற காரியம் அது. அந்த நாள்களில் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து எடுத்து, மென்மையாகக் கட்டுப் போட்டால் போதும்.

வெளிப்பக்க நார் முழுவதும் அறுந்தால், பெரும்பாலும் பக்கத்திலுள்ள மற்ற கட்டுகளும் சேர்ந்து அறுந்திருக்கும். அது தானே சரியாகக் கூடுவது அரிது. பாதம் மரத்துப்போய், விரலை மேலே தூக்க முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்து நரம்பும் அடிபட்டிருக்கிறது என்று பொருள். இதில் நாள் கடத்தக் கூடாது. பின் குறுக்குநார் மட்டும் கிழிந்திருந்தால், கொஞ்சம் தளர்ந்தாலும், பெரும்பாலும் கட்டும் பயிற்சியுமாகவே தேற்றுகிறார்கள்.

இனி முன் குறுக்குநார். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். பந்து விளையாடுகிறவர்களுக்கு, பெரும்பாலும் யாரும் வந்து மோதாமலே, ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போது இது அறுந்துவிடுகிறது. சத்தம் கேட்கும், இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பானை போல் வீங்கிவிடும். அவ்வளவு வேகமாக வருகிற வீக்கம் மூட்டுக்குள் இரத்தம் நிரம்புவதற்கு அடையாளம்.

இந்த நார் ஏன் எளிதில் கூடுவதில்லை? இதுவும் இடத்தின் குறைதான். மூட்டுக்குள் எண்ணெய் போன்ற ஒரு நீர் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கிறது. மூட்டு உராயாமல் இருக்க அது வேண்டும். ஆனால் கிழிந்த முனைகளுக்கு நடுவே இரத்தம் உறையும்போது, அதே நீரில் உள்ள பொருள்கள் அந்த உறைவைக் கரைத்துவிடுகின்றன. ஆற்று மணலில் அணை கட்டுவது போல. பசை நிற்கவில்லை, முனைகள் விலகிப்போகின்றன, பிறகு ஒவ்வொரு முனையும் தனித்தனியே மூடிக்கொள்கிறது.

அதனால்தான் இதைத் தைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கு வந்தது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர், 41 வயது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முழங்காலைத் திறந்து, அறுந்திருந்த இரண்டு குறுக்குநார்களையும் தைத்தார். மண் சரிந்து விழுந்ததில் பட்ட காயம் அது. 1903இல் ராப்சன் இதை எழுதி வெளியிட்டபோது அந்த மனிதர் திரும்பவும் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். விளையாட்டு வீரர்களின் நோய் என்று இன்று பேசப்படுகிற இந்தக் காயத்தின் மருத்துவ வரலாறு ஒரு கூலித் தொழிலாளியின் காலில் தொடங்கியது என்பதை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. பிற்காலத்தில் வெறுமனே தைப்பதைவிட, உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்துவந்து பொருத்துவது நல்லது என்று ஆயிற்று. இன்று செய்யப்படுவது பெரும்பாலும் அதுதான்.

'முன் குறுக்குநார் தானே கூடவே கூடாது' என்பது பல ஆண்டுகளாக மருத்துவர்கள் பாடமாகப் படித்தது. அதைச் சுவீடன் நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். 18 முதல் 35 வயது வரையுள்ள 121 பேர், எல்லாருக்கும் முன் குறுக்குநார் அறுந்திருந்தது. பாதிப் பேருக்கு உடனே அறுவை சிகிச்சையும் பயிற்சியும். மீதிப் பேருக்குப் பயிற்சி மட்டும், பிறகு தேவைப்பட்டால் அறுவை. 2010இல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து வலியிலோ நடமாட்டத்திலோ இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 5 ஆண்டுக்குள் இரண்டாவது கூட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிறகு அறுவை செய்துகொண்டார்கள். மற்றப் பாதிக்கு அது தேவைப்படவே இல்லை.

அதைவிட வியப்பு 2022இல் வந்தது. அதே மனிதர்களின் பழைய எம்.ஆர்.ஐ. படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் நூற்றுக்கு 30 பேருக்கு, அறுந்த நார் இரண்டு ஆண்டுக்குள் கூடியிருந்ததற்கு அடையாளம் தெரிந்தது. அறுவை செய்துகொள்ளாமல் பயிற்சியோடு மட்டும் இருந்தவர்களை எண்ணினால் 100க்கு 53. கூடாது என்று எழுதிவைத்த நார், யாரும் பார்க்காதபோது பாதிப் பேருக்குக் கூடியிருக்கிறது!

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவர்கள் மெர்வின் கிராஸ், அவர் மகன் டாம் கிராஸ் ஆகியோர் இன்னொரு படி போனார்கள். முழங்காலை 90 பாகையில், அதாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மடிப்பில், ஒரு கட்டுச் சட்டத்துக்குள் 4 வாரம் அசையாமல் வைத்தார்கள். அப்படி மடித்து வைத்தால் அறுந்த முனைகள் ஒன்றுக்கொன்று அருகில் வருகின்றன. பிறகு வாரம் வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவிட்டு, 12ஆம் வாரத்தில் கழற்றினார்கள். 2023இல் வெளிவந்த கணக்கில் 80 பேரில் 72 பேருக்கு மூன்றாம் மாதப் படத்தில் நார் கூடியதற்கு அடையாளம் இருந்தது. ஆனால் 11 பேருக்குப் பின்னால் மறுபடி அறுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தை வைத்துச் செய்த சோதனையும் அது அன்று. மேலும், கால் அவ்வளவு நாள் மடங்கியே இருந்தால் இரத்தக் குழாயில் உறைவு ஏற்படக்கூடும் என்பதால் அவர்களுக்கு மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள். ஆகவே வீட்டிலே கயிற்றால் காலை மடித்துக் கட்டிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

யாருக்கு அறுவை வேண்டும்? நல்ல பயிற்சிக்குப் பிறகும் முட்டி நிலைகொள்ளாமல் திடீர் திடீரென்று மடங்குகிறவர்களுக்கு. குருத்து கிழிந்து இடையில் சிக்கி, காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டவர்களுக்கு. இரண்டு மூன்று நார் ஒன்றாக அறுந்தவர்களுக்கு. சாரம் ஏறுகிறவனுக்கு மடங்குகிற முட்டி உயிருக்கே ஆபத்து என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அடிபட்ட காலின் பாதம் சில்லிட்டுப்போய் வெளிறினால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கலாகாது; பெரிய இரத்தக் குழாய் நசுங்கியிருக்கலாம். அடிபட்டவுடனும் பிறகு மருத்துவமனையிலும் நாலு எட்டு எடுத்து வைக்க முடியாதவருக்கு எலும்பு முறிவு உண்டா என்று எக்ஸ்ரே பார்த்தாக வேண்டும்.

பயிற்சி என்றதும் பெரிய கருவிகள் வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். முட்டி வீங்கினால் தொடையின் முன்பக்கத் தசை சில நாளிலேயே சுருங்கத் தொடங்குகிறது. அந்தத் தசைதான் நாருக்குத் துணை. இயன்முறை மருத்துவர் அனுமதித்தவுடன், காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை முட்டியால் அழுத்தி 5 எண்ணும்வரை வைத்திருந்து விட வேண்டும். நாளுக்குப் பல முறை. பிறகு குதிகாலைத் தரையில் இழுத்து மடக்குவது, அதற்குப் பின் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வாரம் உண்டு. சோம்பலால் விட்டாலும் கெடுதல், ஆர்வத்தால் முந்தினாலும் கெடுதல்.

எல்லாம் சரி, 6 வாரம், 12 வாரம் என்று சொல்லிக்கொண்டே போகிறீர்களே, கூலிக்குப் போன பிள்ளை அத்தனை நாள் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. என் மனத்தில் இருப்பதும் அதுதான். நாருக்கு மருந்து காலம். அந்தக் காலத்துக்குக் கூலி யார் கொடுப்பது?

சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இப்போதைய சட்டம் 2019இல் நிறைவேறி, 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலை ஒப்பந்தத்தில் இருக்கிற தொழிலாளி உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும் அதில் அடக்கம். வீட்டுப் பணிப்பெண்களுக்கு அது பொருந்தாது. வேலையில் காயம்பட்டு மருத்துவர் விடுப்புக் கொடுத்தால், மருத்துவமனையில் படுக்காதவருக்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை. மருத்துவச் செலவும் ஓராண்டு வரை முதலாளியைச் சேர்ந்தது. அதற்கு 45,000 வெள்ளி என்று இருந்த உச்ச வரம்பு 2025 நவம்பரிலிருந்து 53,000 ஆயிற்று. தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் விடுப்பானாலும், 'லைட் டியூட்டி' என்று எழுதிக் கொடுத்தாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். இழப்பீடு கேட்க விபத்து நாளிலிருந்து ஓராண்டு தவணை.

ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடி முட்டியைக் கெடுத்துக்கொண்டால் அது வேலைக் காயம் ஆகாது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். விளையாட வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. நம் தோட்டத்திலேயே வேலையில் அடிபட்டால், மலேசியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோ இருக்கிறது.

சட்டம் ஏட்டில் இருந்தாலும், பயம் மனத்தில் இருக்கிறது. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ, வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று எண்ணி, வலியை மறைத்து மூன்றாம் வாரமே சாரம் ஏறுகிறவர்கள் உண்டு. நார்க் குவியல் கயிறாகத் தொடங்குகிற வாரம் அது. லிட்டில் இந்தியாவின் கஃப் சாலையில் டி.டபிள்யூ.சி. டூ என்ற தொண்டமைப்பு 2008இல் இலவச உணவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே சாப்பிட வந்தவர்களில் பலர் வேலையில் காயம்பட்டு, வேலை செய்ய அனுமதி இல்லாமல், வழக்கு முடியக் காத்திருந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள். சிராங்கூன் சாலையின் பூக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பின்னால் அப்படியொரு சோற்று வரிசை இருந்தது என்பது அந்த வழியே போன பலருக்குத் தெரியாது. அதே ஆண்டுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு மருத்துவ உதவி செய்யத் தோன்றிய மற்றோர் அமைப்பு 'ஹெல்த் சர்வ்'. அது 2006இல் தொடங்கியது.

ஆகவே தாய்மார்களே, பிள்ளையிடமிருந்து அப்படியொரு தொலைபேசி வந்தால், அழுவதற்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது? காலை முழுதாக நீட்ட முடிகிறதா? பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா? எந்த நார் என்று தாளில் எழுதியிருக்கிறது? வேலையில் பட்டது என்பதை மருத்துவரிடம் சொன்னாயா, அவர் அதைக் குறித்துக்கொண்டாரா? விடுப்புச் சீட்டின் நகல் உன் கையில் இருக்கிறதா, இல்லை முதலாளியிடம் கொடுத்துவிட்டாயா? கடைசியாக, அடுத்த முறை இயன்முறை மருத்துவரிடம் என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை நீங்களே அவனைக் கூப்பிட்டு, போனாயா என்று கேளுங்கள்.